ஐம்பது சதுர கிலோமீட்டர் தோப்பு

ஊர் மேய்ச்சல் நிலம் ஆவணப்படி ஒரு சதுர கிலோமீட்டர். பஞ்சாயத்துத் தலைவர் குலசேகரன் ஆயிரம் சதுர மீட்டரை விட்டுவிட்டு, மிச்சத்தைத் தனக்கென்று வேலி போட்டுவிட்டார்.

விசாரிக்க வந்த தாசில்தாரிடம், "கிலோன்னா ஆயிரம். ஊருக்கு ஆயிரம் சதுர மீட்டர் விட்டாச்சு. கணக்கு சரிதானே?" என்று மீசையை நீவினார்.

ஆடு மேய்க்கும் சடச்சி முன்னால் வந்தாள். "சரிதான்யா. உங்க தென்னந்தோப்பு எவ்வளவு?"

"ஐம்பதாயிரம் சதுர மீட்டர்!"

"அப்போ ஐம்பது சதுர கிலோமீட்டர். தாசில்தாரய்யா, உச்சவரம்புக்கு மேல நிலம் இருந்தா அரசாங்கம் எடுத்துக்குமாமே?"

தாசில்தார் பேனாவைத் திறந்தார். தலைவர் குறுக்கே பாய்ந்தார்.

"ஐயோ, ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கணும்! ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் சதுர மீட்டர்!"

"இப்பத்தான் சரியாச் சொன்னீங்க," என்றாள் சடச்சி. "வேலியை நீங்களே பிரிக்கிறீங்களா, இல்ல, ஆட்டை உள்ள விடட்டுமா?"