ஒன்பது பேர் செய்த கருவி

கோவையில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தேவசகாயம் தலைவர். அவரிடம் தொழில் கற்று வளர்ந்தவள் எழிலரசி.

இதே கருவி செய்யும் தொழிற்சாலைகளைப் பார்க்க ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்த் திரும்பிய அன்று அவள் அவரிடம் கேட்டாள்.

“சார், அங்கே ஒரே கருவிக்கு நானூறு பேர் ஆராய்ச்சி பண்றாங்க. ஒரு வால்வுக்குன்னே தனி மாடி வெச்சிருக்காங்க. நாம ஒன்பது பேர். நாம செஞ்சது அவங்களோடதுக்குப் பக்கத்துல நிக்குமா?”



அந்த ஆண்டே தேவசகாயத்துக்குச் சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. உடனே டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

மருத்துவமனையில் இரண்டு கருவிகள் காலியாக இருந்தன. ஒன்று வெளிநாட்டில் செய்தது. மற்றது இவர்கள் செய்தது. சோதனைகள் எல்லாம் முடிந்து, அரசு அனுமதியும் பெற்று, அப்போதுதான் அங்கே வந்திருந்தது.

தேவசகாயம் தங்கள் கருவி இருந்த கட்டிலை நோக்கி நடந்தார். எழிலரசி குறுக்கே வந்து நின்றாள்.

“வேண்டாம் சார். அந்தக் கட்டில்ல படுங்க.”

“ஏன், நம்மளோடதுல கோளாறு இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

“படுக்கிறது நீங்களாச்சே சார்.”

“வேற யாராவது படுத்தா பரவாயில்லையா?”

அவள் கருவியைத் திரும்பிப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

“ரத்தத்துல காத்துக்குமிழி வந்தா கண்டுபிடிக்கிற பகுதியை யார் செஞ்சது?”

“நான்தான் சார்.”

“முதல்ல நீ செஞ்சதை நான் சரின்னுதானே சொன்னேன். அதை ஏன் தூக்கிப் போட்டே?”

“எனக்குச் சரியாப் படல.”

“இப்ப?”



“இப்ப சரியா இருக்கு சார்.”

“வழி விடும்மா.”

ஊசி ஏற்றினார்கள். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. பாதி நேரம் நல்லபடியாகப் போனது.

திடீரென்று கருவி அலறியது. திரையில் சிவப்பு எரிந்தது. ஓடிக்கொண்டிருந்த ரத்தம் நின்றது. எழிலரசி திரையை நோக்கிக் குனிந்தாள்.

செவிலியர் ஓடிவந்து குழாயை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். இணைப்பு ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. அதன் வழியே காற்று புகுந்து, கடுகளவு குமிழி ஒன்று நின்றது. அது உடம்புக்குள் போகுமுன் கருவி குழாயை இறுக்கிப் பிடித்துவிட்டது.

செவிலியர் இணைப்பை முறுக்கினார். குமிழியை வெளியேற்றினார். ரத்தம் மறுபடி ஓடியது.

“இத்தனூண்டு குமிழியைக்கூட விடலையே! எந்த நாட்டு மெஷின் சார் இது?”

தேவசகாயம் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி இல்லாத கையை எழிலரசி நின்ற பக்கம் நீட்டினார்.

“செஞ்சவங்க இங்கதான் நிக்கிறாங்க. எந்த ஊருன்னு அவங்களையே கேளுங்க.”