வண்டி வாசலில் நிற்கட்டும்

கொக்கரைக்கோட்டை ராஜா கெம்பராயருக்கு ஒரு வியாதி. உலகத்தில் எவனிடம் என்ன இருந்தாலும் அது தனக்கும் வேண்டும். அவர் தர்பாருக்கு, அமெரிக்கா வரை கப்பலில் போய்வந்த மீராசா மரைக்காயர் வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா?

“அங்கே ராஜா கிடையாது, ஹுசூர். ஜனாதிபதின்னு ஒருத்தர். நாட்டுக்கும் அவர்தான் தலைவர், நிர்வாகத்துக்கும் அவர்தான். தரைப்படை, கப்பல்படை எல்லாத்துக்கும் அவர்தான் சேனாதிபதி.”

ராஜா ஒரு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

“பிடிக்காத சட்டம் வந்தா திருப்பி அனுப்பிடுவார். குற்றவாளியை மன்னிச்சு விடுவார். குடியிருக்கிறது வெள்ளை மாளிகையிலே.”

இன்னொரு மோதிரம்.

“ஆனால்...”

தளவாய் வல்லபன் இருமினார். ராஜாவின் கை அடுத்த மோதிரத்தை விட்டு நகர்ந்தது. மரைக்காயர் அந்த ‘ஆனால்’ஐ அப்படியே விழுங்கிவிட்டார்.

“இன்று முதல் நான்தான் ஜனாதிபதி!” ராஜா கர்ஜித்தார். கர்ஜனை என்றால், ஜலதோஷம் பிடித்த யானை நினைவுக்கு வரவேண்டும். “அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே. ஒரு துளி குறையக் கூடாது. தண்டோரா போடுங்கள்!”

“வெள்ளை மாளிகைக்கு இடம் வேணுமே?” தளவாய் வெண்ணெயாய் உருகினார். “பெரிய ஏரியைத் தூர்த்துட்டா விசாலமா இருக்கும், ஜனாதிபதி அவர்களே.”

“நாளைக்கே தூர்த்துவிடு!”

அந்த ஏரிதான் ஊருக்கே சோறு போடுவது. அரண்மனை விகடன் கொளஞ்சி பதறி எழுந்தான்.

“மகாராஜா, இப்பத்தான் நாத்து நட்டிருக்காங்க...”

“ஜனாதிபதி என்று கூப்பிடு!”

“ஜனாதிபதி, தண்ணி இல்லேன்னா பயிர் அத்தனையும்...”

“பிடிக்காததைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கிறது. உன் பேச்சைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உட்கார்!”

கொளஞ்சி உட்காரவில்லை. மரைக்காயரைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய் வஞ்சிரக் குழம்பு ஊற்றினான்.

“மரைக்காயரே, தொண்டையிலே ஒரு ‘ஆனால்’ சிக்கியிருக்கே. அதைக் கொஞ்சம் துப்பிடுங்க.”

அவர் துப்பினார்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு ஆட்கள் ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப ராஜா வாசலுக்கு வந்தார். அங்கே ஒரு மாட்டுவண்டி. அதில் ராஜாவின் மெத்தை, எச்சில் படிக்கம், பொடி டப்பா, அவருடைய சண்டைச் சேவல்! வண்டிக்காரன் இடத்தில் கொளஞ்சி, பக்கத்தில் மரைக்காயர்.

“இது என்னடா கூத்து?”

“ஏறுங்க, ஜனாதிபதி. சபை, நீதிமன்றம்னு அங்கே இன்னும் ஏகப்பட்ட ‘ஆனால்’ இருக்காம். அதெல்லாம் கிடக்கட்டும். நாலு வருஷம் ஒரு தவணை. ரெண்டு தவணை முடிஞ்சா மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறது அங்கே வழக்கமாம். நீங்க உட்கார்ந்து பதினாலு வருஷம் ஆச்சு. வண்டி ரொம்ப தாமதம், மன்னிக்கணும்.”

ராஜா மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர் வானத்தைப் பார்த்தார்.

“எனக்கு... எனக்கு ஏதடா வேறு வீடு?”

“அதான் யோசிச்சேன். மாமனார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். மாமியார் மாட்டுக்கொட்டகையைக் கூட்டி வைக்கிறாங்களாம்.”

ராஜாவுக்கு வியர்த்தது. உதவிக்குத் தளவாயைத் தேடித் திரும்பினார். திறந்த கதவு வழியே தர்பார் தெரிந்தது. உள்ளே வல்லபன் தோள் துண்டால் சிம்மாசனத்தைத் துடைத்து, உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று லேசாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ராஜா! பழைய ராஜாவேதான்!” அலறினார் கெம்பராயர். “அந்த உத்தியோகம் எனக்கு வேண்டாம்!”

“அப்போ ஏரி?”

“ஏரி உத்தரவு போட்டது ஜனாதிபதி. அவன் போய்விட்டான்! மண்வெட்டியை எல்லாம் வல்லபனிடம் கொடுங்கள். ஏரியை அவனே தூர் வாரட்டும்!”

சொல்லி முடித்ததும் உயிர் திரும்பியது போலச் சிரித்தார். கடைசி மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

“பிழைத்தேனடா! வாங்கிக்கொள். வண்டியை அவிழ்த்துவிடு.”

கொளஞ்சி மோதிரத்தை மாட்டிக்கொண்டான். மெத்தையை இறக்கினான், சேவலை இறக்கினான். மாட்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

“வண்டி வாசல்லேயே நிக்கட்டும், மகாராஜா. உங்க கண்ணுல படுற மாதிரி.”