மேடையில் டேப் கூடாது

பள்ளிக்கூடத் தாளாளர் வைரப்பிரகாசத்துக்கு டேப் ஒட்டின பொருளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடமே எலக்ட்ரீஷியன் சூசையின் டக்ட் டேப்பில்தான் நின்றது. ஒழுகுற குழாய், ஆடுற நாற்காலி, கிழிந்த பேண்டு டிரம், எல்லாம் அவன் கைவேலை.

ஆண்டு விழாவுக்குத் தாளாளர் ஒட்டிக்கோ வேட்டியில் வந்தார். மேடையேறும் நேரம் பார்த்து ஒட்டு பிய்ந்துபோனது. திரைக்குப் பின்னால் சூசைதான் இடுப்பைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி மானத்தைக் காப்பாற்றினான்.

மேடையேறினாரோ இல்லையோ, மைக்கை ஸ்டாண்டோடு சேர்த்து ஒட்டியிருந்த அதே டேப்பைப் பார்த்துவிட்டார். ஊரே கேட்க மைக்கிலேயே கத்தினார்.

“டேய் சூசை! என் மேடையில டேப் ஒட்டினது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இப்பவே பிரி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

சூசை கத்தரிக்கோலோடு பவ்யமாக வந்து நின்றான்.

“எல்லாத்தையுமா ஐயா?”

“எல்லாத்தையும்!”

“சரிங்கய்யா. மைக்கிலேருந்து ஆரம்பிக்கட்டுமா, உங்ககிட்டேருந்து ஆரம்பிக்கட்டுமா?”

தாளாளரின் இரண்டு கையும் சட்டென்று இடுப்புக்குப் போயின. பேசி முடிக்கும்வரை அங்கேயேதான் இருந்தன. மைக்கை டேப்தான் பிடித்துக்கொண்டிருந்தது.