ஏழாம் கட்டிலுக்கு ஒரு நாற்காலி

"என் கையிலதான் ஏதோ கோளாறு, மேடம்," என்றார் டாக்டர் மருதவாணன்.

இதய அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹலீமா நிமிர்ந்து பார்த்தார். மருதவாணனைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் அவரிடம்தான் மருதவாணன் தொழில் பழகினார்.

"போன மாசம் பாப்பம்மாளுக்குத் தையல் எல்லாம் சரியாத்தான் போட்டேன். நெஞ்சைத் திரும்பத் திறந்து பார்த்தும் ரத்தம் நிக்கலை. ரத்தத்தை இளக்குற மாத்திரையை அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தியாச்சுன்னு கேஸ் ஷீட்ல இருக்கு. அப்புறம் ஏன் போனாங்க?"

அன்றிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பத்துப் பேர் சுற்றி நின்றாலும் மனுஷன் தனியாகத்தான் நின்றார்.

"நாளைக்கு யாருக்கு ஆபரேஷன்?"

"ஏழாம் கட்டில், சவரிமுத்து. பயமா இருக்கு மேடம். இவரும் அதே மாதிரி போயிட்டா?"

"மாத்திரை?"

"நிறுத்தியாச்சு. கேஸ் ஷீட்ல இருக்கு."

ஹலீமா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மருதவாணன் கையில் கொடுத்தார்.

"அவர் பக்கத்துல போய் உட்காருங்க."

"எதுக்கு?"

ஹலீமா நின்றபடியே அடுத்த கோப்பைப் பிரித்துவிட்டார்.

நாற்பத்தாறு வயசு டாக்டர் நாற்காலியைச் சுமந்துகொண்டு வார்டுக்குள் போனால் நர்ஸுகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நன்றாகவே சிரித்தார்கள்.

சவரிமுத்து பதறி எழுந்தார்.

"படுங்க. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

ரயில்வே கேட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் சவரிமுத்து. ஊருக்கு வெளியே ஒத்தை அறை, பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. பெண்டாட்டி போனபின் வீட்டிலும் அதே கதை. இங்கே வந்து ஆறு நாளாகிறது, பார்க்க ஒருத்தரும் வரவில்லை. ஆள் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவை மந்திரியே கார்ல இருந்து கத்துறாரு, கேட்டைத் திறடான்னு. திறக்கலையே நான்! ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாத்தான் திறப்பேன். இடையில எவன் சொன்னாலும் காதுலயே போட்டுக்க மாட்டேன்."

மருதவாணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து ஒரு மாசமாயிற்று என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்தது. சவரிமுத்து ரசம் சாதத்தை முடித்து, கை கழுவி, தலையணை உறைக்குள் கையை விட்டார்.

"டாக்டரே, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுங்க."

கையில் ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி.

"இதை நிறுத்தச் சொன்னாங்களே?"

"நர்ஸம்மா போற போக்குல சொல்லிச்சு. நானும் சரின்னேன். ஆனா எனக்கு நெஞ்சுக் குழாய்ல ஸ்டென்ட் வெச்ச டாக்டரு என்ன சொன்னாரு? 'யாரு சொன்னாலும் ஒரு நாள்கூட விடாதீங்க, உசுருக்கு ஆபத்து'ன்னாரு. அவரு வந்து சொல்லட்டும், நிறுத்துறேன்."

தண்ணீர் டம்ளரை எடுத்திருந்த மருதவாணன் அதை நீட்டவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார். அந்த டாக்டரையே போனில் பிடித்தார். விஷயத்தைச் சொல்லி, போனைச் சவரிமுத்து காதில் வைத்தார்.

சவரிமுத்து கேட்டார். தலையாட்டினார். அட்டையை மருதவாணனிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மருதவாணன் ஹலீமாவின் அறைக்குப் போனார்.

"ஆபரேஷனை அஞ்சு நாள் தள்ளிட்டேன்."

"ம்."

"பாப்பம்மாளோட முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்லை, மேடம்."

ஹலீமா இன்னமும் நின்றுகொண்டேதான் எழுதிக்கொண்டிருந்தார்.

"என் நாற்காலி எங்க?"

"அஞ்சு நாள் கழிச்சுத் தரேன்," என்றார் மருதவாணன்.