காம்பில் செருகிய பச்சை இலை

ஒரு காட்டில் அங்கமுத்து என்றொரு யானை பலாப்பழக் கடை வைத்திருந்தது, பிள்ளைகளே. தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இது பழுத்தாச்சு" என்று அது சொன்னால் சொன்னதுதான். வியாபாரம் பெருகியது.

ஒருநாள் அக்கரைக் காட்டிலிருந்து மிளா மான் வந்தது. "எங்களுக்கும் பழம் அனுப்புங்கள். முதல் பரிசல் பழம் நன்றாக இருந்தால், இனி எப்போதும் உங்களிடம்தான் வாங்குவோம்."

அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பழம் பறிக்கக் குரங்குகளையும், பார்த்து அடுக்கக் கரடி சடையனையும் வேலைக்கு வைத்தது. கூடவே ஒரு கட்டளையும் போட்டது. "நான் தட்டிப் பார்க்காமல் ஒரு பழமும் நகரக் கூடாது!"

சடையன் ஒரு பழத்தை முகர்ந்து பார்த்தது. "அண்ணே, இது பழுத்துவிட்டது. இன்றே அனுப்பலாமே?"

"உனக்கு என்னடா தெரியும்? அப்படி வை, வந்து பார்க்கிறேன்."

அட, யானைக்குத் தும்பிக்கை எத்தனை? ஒன்றுதானே! அங்கமுத்து தோப்புக்கும் ஆற்றுத் துறைக்குமாக ஓடியது. தட்ட நேரமே இல்லை. பழுத்த பழத்தின் காம்பில் சடையன் ஒரு பச்சை இலையைச் செருகி வைத்தது, அண்ணன் கண்ணில் படட்டும் என்று. நாட்கள் போயினவே தவிர, படவில்லை.

பரிசல் வந்துவிட்டது. "ஏற்று, ஏற்று!" என்று அங்கமுத்து தட்டாமலேயே ஏற்றச் சொன்னது. மிளா ஒரு பழத்தை அறுத்தது. குப்பென்று அழுகல் நாற்றம்!

"அடேய் சடையா! உன் மூக்கு எங்கே போச்சு? தண்டச்சோறு!" என்று அங்கமுத்து கத்தியது. சடையனின் குட்டிகளும் அங்கேதான் நின்றிருந்தன. சடையன் குட்டிகளை அழைத்துக்கொண்டு போய்விட்டது.

நல்ல பழம் தேடிக் கடைக்கு ஓடிவந்த அங்கமுத்து, தான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் கிடந்த குவியலைப் பார்த்தது. எல்லாம் வெடித்து ஈ மொய்த்துக் கிடந்தன. ஒவ்வொரு காம்பிலும் ஓர் இலை சருகாகி நின்றது.

ஐயோ! அங்கமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பெரிய உடம்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

மறுநாள் அது சடையனையும் குட்டிகளையும் துறைக்கு அழைத்துவந்தது. "இங்கே வைத்துத்தானே உன்னைத் திட்டினேன். இங்கேயே சொல்கிறேன், தப்பு என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி" என்று எல்லார் முன்னாலும் சொன்னது.

"அடுத்த பருவத்தில் பார்க்கலாம்" என்று, அதுவரை துறையில் காத்திருந்த மிளா வெறும் பரிசலோடு கிளம்பியது.

சடையன் ஒரு புதுப் பழத்தை முகர்ந்துவிட்டு நீட்டியது. "தட்டிப் பாருங்கள், அண்ணே."

அங்கமுத்து தலை குனிந்தபடியே தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. "நீ பார்த்தாயே, போதும். கடைக்கு அனுப்பு."

நீதி: வேலையைக் கொடுத்தால் நம்பிக்கையையும் சேர்த்துக் கொடு, இல்லாவிட்டால் தொழிலும் வளராது, தலையும் நிமிராது.