முன்னால் நடந்தவர்

"இனிமே அந்த மூணு பேர் முகத்துலயும் முழிக்க மாட்டேம்மா" என்றார் குழந்தைவேலு.

மங்கையம்மா சாக்கை விரித்துச் சுண்டைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த மூணு பேர்?"

"என்கூட நடந்து வந்தவங்கதான். பழனியாண்டி, காதர், ஜெபமணி. அஞ்சாங்கிளாஸ்ல ஆரம்பிச்ச பழக்கம். இன்னைக்குக் காலைல பத்து மணிக்கு முடிஞ்சுபோச்சு."

மலைமுதுகுப் பாதை என்பது இருபத்திரண்டு நாள் நடை. தெற்கே ஓர் அருவியடியில் தொடங்கி, மலை உச்சிகளின் மேலேயே ஏறி இறங்கி, வடக்கே ஒரு கல்லில் முடியும். முடிவுக்கல் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் மங்கையம்மாவின் குடிசை.

புறப்படுகிறவர்களில் பாதிப்பேர் பாதியில் பஸ் ஏறிவிடுவார்கள். ஐம்பத்தொன்பது வயதில் அதை நடந்து முடித்த மனிதரின் முகம் பூரித்துப் போயிருக்க வேண்டும். இவர் முகத்திலோ எள்ளும் கொள்ளும் வெடித்தது.

குழந்தைவேலு சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனசில் ஒரு குழப்பம் என்றால் மற்ற பலரைப் போலவே பத்து வருஷமாக மங்கையம்மாவைத் தேடி வருகிறவர். அம்மா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். குழந்தைவேலு வாழ்க்கையில் தலை குனிந்தது அந்தக் குடிசைக்குள் மட்டும்தான், அதுவும் வாசல் உயரம் குறைவு என்பதால்தான் என்று பழனியாண்டி கேலி பேசுவதுண்டு.

"என்ன நடந்துச்சு?" என்றார் மங்கையம்மா.

"ரெண்டாம் நாள் ஏத்தத்துலயே பழனியாண்டி சொன்னான். 'வேலு, நீ முன்னால போடா. ஊரையே அளந்தவன் நீ. நாங்க உன் பின்னால வர்றோம்'னு. அன்னைலேருந்து நான்தான் முன்னால. ஒரு நாள் மாத்தல."

"சரி."

"நடத்திட்டு வந்தேன்னா நெனக்கிறீங்க? இழுத்துட்டு வந்தேம்மா. காதருக்கு நூறு அடிக்கு ஒரு தடவ தாகம். ஒட்டகம்கூட ஒரு வாரம் தாங்கும். அவன் தாங்க மாட்டான். ஜெபமணிக்குப் போட்டோ. ஏத்தம் வந்துட்டாப் போதும், 'நில்லுங்கடா, ஒரு பூ இருக்கு'ம்பான். பழனியாண்டிக்கு ஷூ லேஸ் நிக்காது. அறுபது வயசாகப் போகுது, லேஸ் கட்டத் தெரியல. எப்பவும் கடைசி ஆளா வருவான். வாலுன்னுதான் கூப்பிட்டேன்."

"கோவிச்சுக்கலையா?"

"சிரிப்பான்."

மங்கையம்மா ஒரு பழுத்த காயைப் பொறுக்கித் தனியே வைத்தார்.

"முடிவுக்கல்லை நடத்திட்டு வந்தவர்தான் முதல்ல தொடணும். அது வழக்கம். பத்தடி இருக்கும். மூணு பேரும் ஓடி வந்து என் கையைப் பிடிச்சானுக. 'நாலு பேரும் சேந்து தொடுவோம்டா'ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சமைச்சது ஒருத்தன், இலையில மட்டும் நாலு பேரா?"

"என்ன செஞ்சீங்க?"

"உதறிட்டுப் போய்த் தொட்டேன்."

"பெறகு?"

குழந்தைவேலு கொஞ்சம் தயங்கினார். சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது.

"'உங்க மூணு பேரையும் சுமந்துட்டு வந்தவன்டா நான். நீங்க எனக்குப் பாரம். இனிமே நீங்க யாரோ, நான் யாரோ'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவங்க?"

"சுனைக்குப் பக்கத்துல போய் உக்காந்தாங்க. இந்நேரம் கிழக்கு வழியில இறங்கியிருப்பாங்க. நான் வடக்கு வழியில போறேம்மா. அந்தப் பக்கம் பஸ்ஸு வேற, ஊர் போய்ச் சேருற நேரமும் வேற. உங்ககிட்ட ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஐம்பது வருஷச் சிநேகத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட உத்தரவு. மங்கையம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"போங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று குழந்தைவேலு எதிர்பார்க்கவில்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அந்த வழியில யானை நடமாட்டம் இருக்கு. தனியாப் போகாதீங்க. காலைல என்னைப் பாக்க வந்தவங்க ஏழு பேர் இப்ப எறங்குறாங்க. அவங்களோட போங்க."

ஏழு பேரும் மரத்தடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மங்கையம்மா அவர்களை ஒற்றை வரிசையில் நிற்கச் சொன்னார். குழந்தைவேலு யாரும் சொல்லாமலே போய் முதலில் நின்றார்.

"நான் முன்னால போறேம்மா. பழக்கம்தான்."

"வேண்டாம்" என்றார் மங்கையம்மா. "இன்னைக்கு வேற ஆள் இருக்கு."

வரிசையின் கடைசியில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண் நின்றிருந்தார். ஏறி வரும்போது கால் பிசகிக் கணுக்கால் வீங்கியிருந்தது.

"நீங்க முன்னால வாங்க தாயி."

"ஐயோ, நான் கடைசியா மெல்ல வர்றேம்மா. என்னால எல்லாருக்கும் இடைஞ்சல்."

மங்கையம்மா அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, குழந்தைவேலு நின்ற இடத்தில் நிறுத்தினார். குழந்தைவேலு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"உள்ள ஒரு கம்பு சாத்தி வச்சிருக்கேன். எடுத்துட்டு வந்துருங்க" என்று அந்த அம்மாவை அனுப்பினார்.

குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? கால் முடியாதவங்களப் போய் முன்னால விட்டா மொத்த வரிசையும் ஊர்ந்துதானே போகும்?"

"ஊர்ந்துதான் போகணும்."

"வழி தெரிஞ்சவங்கதானே முன்னால போவாங்க?"

"வழி ஒண்ணுதானே கெடக்கு. அதுல என்ன தெரியணும்? மலையில யாரால முடியலையோ அவங்க முன்னால. அவங்க அடிதான் எல்லாருக்கும் அடி."

அது நல்ல யோசனைதான் என்று குழந்தைவேலு தலையை ஆட்டினார். அளவு வேலையில் இருந்தவருக்கு நியாயம் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆடிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது.

வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார். "அவங்களுக்கு மூச்சு வாங்குனா என்ன செய்றதும்மா? உக்காரச் சொல்லவா?"

"சொல்லாதீங்க. சங்கடப்படுவாங்க." மங்கையம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தாகமா இருக்குன்னு சொல்லி நில்லுங்க."

குழந்தைவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சும்மா சும்மா தாகம்னா நம்புவாங்களா?" என்றார் வரிசையில் இருந்தவர்.

"வேற ஏதாவது சொல்லுங்க. வேடிக்கை பாக்கணும்னு சொல்லுங்க. செருப்பு வார் கழண்டுபோச்சுன்னு குனியுங்க. வாயா இல்ல உங்களுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைவேலு மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசியில யாரும்மா வரணும்?" என்றார் வரிசையில் இன்னொருவர்.

"உங்கள்ல யாரு நல்லா நடப்பாங்களோ அவங்க."

பேச்சியம்மாள் கம்போடு வெளியே வந்தார். வரிசை நகர்ந்தது. மெல்ல, மிக மெல்ல, ஏழு பேரும் மரங்களுக்குள் போய் மறைந்தார்கள். எட்டாவது ஆள் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் மொட்டைப் பாறை ஏற்றம் அவர் கண்முன் வந்தது. காதர் பாட்டிலை வாயில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். குரல்வளை அசையவே இல்லை. அதை அன்றைக்கே குழந்தைவேலு பார்த்தார். சர்வேயர் கண் அல்லவா, பார்த்ததை விடாது. புரிவதற்குத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நல்லவேளை, காதருக்குத் தாகம் எடுத்ததே என்று மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, வெளியே காதரை ஏசினார். ஒரு நாளா, இரண்டு நாளா? ஒவ்வொரு ஏற்றத்திலும் அப்படித்தான். இவருக்கு மூச்சு முட்டும்போதுதான் ஜெபமணிக்குப் பூ தெரியும். இவர் கால் பின்னும்போதுதான் பழனியாண்டி குனிவார்.

குழந்தைவேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

"அம்மா" என்றார். "நானாம்மா? நானா?"

மங்கையம்மா சாக்கருகே போய்ச் சுண்டைக்காயைக் கிளறிவிட்டார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கடைசி ஏத்தம் இங்கேருந்து பாத்தாத் தெரியும். நீங்க வந்ததப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உங்களுக்குப் பின்னால வந்தவர் ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டே வந்தாரு. நடை பழகுற பிள்ளைக்குப் பின்னால வருவாங்கள்ல, அந்த மாதிரி."

நடக்கும்போது குழந்தைவேலு ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நடத்திச் செல்கிறவன் திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு கெத்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவங்க? சொல்லணும்ல?"

"சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களா?"

நடந்திருக்க மாட்டார். மூன்றாம் நாளே ரோஷத்தில் பஸ் ஏறியிருப்பார். அது அவருக்கும் தெரியும்.

காலையில் பேசிய பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக அவரிடமே திரும்பி வந்தது. பாரம் என்றாரே. சுமந்தேன் என்றாரே. ஐயோ என்று வாய்விட்டே கத்தினார். மலை ஏறியதில்கூட அவருக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை.

"போயிருப்பாங்களாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

குழந்தைவேலு எழுந்து ஓடினார். ஐம்பத்தொன்பது வயதுக்காரர், இருபத்திரண்டு நாள் நடந்த காலோடு, சுனையை நோக்கிச் சரிவில் ஓடினார். இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தார். போயிருந்தால் என்ன செய்வது என்ற ஒன்றைத் தவிர மனசில் வேறு ஒன்றுமில்லை.

மூன்று பேரும் சுனையருகே இருந்தார்கள்.

அவரைக் கண்டதும் காதர் எழுந்தார். பழனியாண்டி, அவர் முழங்காலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். ஜெபமணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது.

"தெரிஞ்சுபோச்சுடா" என்றார் குழந்தைவேலு.

என்ன தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. களவு பிடிபட்டவர்கள் போல நின்றார்கள்.

"யார்ரா சொன்னது?" என்றார் காதர், கடைசியில்.

"யாரும் சொல்லல." கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கடா. இத்தனை நாள் உங்கள நடக்கவிடல. இனிமேயாவது உங்க வேகத்துக்குப் போங்க. நான் கடைசியில வர்றேன். மெல்ல வந்து சேந்துக்கிறேன்."

பழனியாண்டியின் வாய் கோணியது. காதர் சுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெபமணி வெடுக்கென்று திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவ்வளவு கோபத்தில் அவரைக் குழந்தைவேலு ஐம்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"அறிவிருக்காடா உனக்கு? நீ கடைசியில வந்தா உன்னை எப்படிடா பாத்துக்கிட்டே வர்றது? முன்னால போ!"