சடைச்சி காவல்ல இருந்த நொண்டி ஆடு

ஒரு ஊர்ல சடைச்சி சடைச்சின்னு ஒரு பொம்பளை இருந்தா. புருசன் செத்துட்டான், இடுப்புல ஒரு கைப்புள்ள, சொத்துன்னு சொல்ல ஒரே ஒரு கருப்பு வெள்ளாடு. அதுக்குப் பேரு கருப்பி. சடைச்சிக்குத் தாய்ப்பால் வத்திப்போச்சு, அதனால கருப்பி பாலைக் கறந்துதான் புள்ளைக்கு ஊட்டுவா. ஊர்க்காரங்க ஆட்டையெல்லாம் காலையில பத்திக்கிட்டுப் போயி மேய்ச்சு, பொழுது சாய பட்டியில கொண்டாந்து அடைப்பா. கூலிக்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் கம்பு போடுவாங்க.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதுல ஒரு வெட்டு அடையாளம் இருக்கும். மேய்ச்சல்ல ஆடு செத்துச்சுன்னு வைங்க, நோவுல செத்தாலும் சரி, நரி கடிச்சுச் செத்தாலும் சரி, மேய்க்கிறவ அந்தக் காதை அறுத்துக் கொண்டாந்து ஆட்டுக்காரங்க கையில கொடுக்கணும். கொடுத்துட்டா அவ மேல குத்தமில்ல. ஆடும் இல்ல காதும் இல்லன்னா, தன் ஆட்டைப் புடிச்சுக் கொடுத்துடணும். வெளங்குச்சா? ம் கொட்டுங்க, இல்லன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்.

அதே ஊர்ல கொண்டல்சாமின்னு ஒரு பெரிய பண்ணைக்காரன். தொழுவம் நெறைய மாடு, கொட்டடி நெறைய ஆடு, இருந்தும் அந்தப் பாவிக்குக் கருப்பி மேலயே கண்ணு. ஏன்னா அது ஈத்துக்கு மூணு குட்டி போடும். "வித்துடு சடைச்சி"ன்னு கேட்டான், மாட்டேன்னுட்டா. "மாத்திக்குவோம்"ன்னு கேட்டான், மாட்டேன்னுட்டா. "சரி, சும்மாவாச்சும் கொடேன்"னு கேட்டான்! அவளுக்குச் சிரிப்பே வந்துருச்சு. "எம்புள்ள எதைக் குடிக்கும் மொதலாளி?"ன்னா.

அப்புறம் அவன் என்ன செஞ்சான், தன் வீட்டு நொண்டி ஆடு ஒன்னை இழுத்தாந்து, "இதையும் மேய்ச்சு வை"ன்னு விட்டுட்டுப் போனான். பாவம் அதுக்குப் பின்னங்காலு வெளங்காது. மத்த ஆடெல்லாம் மேட்டுல ஏறுனா இது கீழ நின்னு கத்தும். சடைச்சி இந்த இடுப்புல புள்ளையும் அந்தக் கக்கத்துல நொண்டியுமா மூச்சு வாங்க ஏறுவா. "அடுத்த வீட்டு ஆடு, எளைச்சுப்போச்சுன்னு ஒரு சொல்லு வந்துறப்படாது"ம்பா.

ஒரு நாள் காலையில பட்டிப் படலை இறுக்கிக் கட்டிட்டு அவ கெணத்துக்குப் போனா. அந்த நேரம் பாத்து கொண்டல்சாமி வந்தான். படலை அவுத்தான், நொண்டியைத் தோள்ல தூக்குனான், தன் வைக்கோல் கொட்டாயில அடைச்சான். அப்புறம் ஒன்னும் தெரியாதவனாட்டம் வந்து நிக்கிறான், "எங்கடி என் ஆடு?"ன்னு.

சடைச்சி புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே ஓடுனா. கரட்டு மேட்டுல தேடுனா, இல்ல. ஓடையில தேடுனா, இல்ல. முள்ளுக்காட்டுல காலைக் கிழிச்சுக்கிட்டுத் தேடுனா, அங்கயும் இல்ல.

"செத்துச்சுன்னா காதைக் காட்டு"ன்னான்.

"காது இல்லையே மொதலாளி."

"அப்ப கருப்பியை அவுரு."

சடைச்சி "என் காவல்ல இருந்தது போச்சு, நாந்தான் பொறுப்பு"ன்னு சொல்லிக் கயித்தை அவன் கையில கொடுத்தா. புள்ள பாலுக்கு அழுதுச்சு, கூழைக் கரைச்சு ஊத்துனா, அது துப்பிருச்சு. இவளும் சேந்து அழுதா. எனக்கே சொல்லறப்போ வயிறெரியுது!

ஆனா மறுநாள் அவ என்ன செய்யறா, தெருத்தெருவா "பா... பா... பா..."ன்னு கூப்புட்டுட்டே போறா. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, "ஏண்டி, அதான் ஆட்டுக்கு ஆடு கொடுத்துட்டியே, இன்னும் என்னத்தைத் தேடுற?"

"கொடுத்துட்டா ஆச்சா அக்கா? அது நொண்டி. எந்தப் பள்ளத்துல கெடக்கோ, யாரு அதுக்குத் தண்ணி காட்டுவா?"

வடக்குத் தெருவுல கூப்புட்டா, சத்தமில்ல. மேலத்தெருவுல கூப்புட்டா, சத்தமில்ல. கொண்டல்சாமி வீட்டுக்குப் பின்னால போயிக் கூப்புட்டா, வைக்கோல் கொட்டாய்க்குள்ளருந்து "மே..."ன்னு ஒரு குரல்! ஊரே கூடிப்போச்சு. கதவைத் தொறந்தா, நாக்கு வறண்டு நிக்குது நொண்டி.

கொண்டல்சாமி அசரல. "என் ஆடு, என் கொட்டாய். என் பொருளை நானே எடுத்தா அது திருட்டா? எந்த ஊரு நியாயம்யா இது?"ன்னு கத்துனான். ஊர்க்காரங்களுக்கும் கொழம்பிப்போச்சு, அவன் சொல்லறதும் சரிதானோன்னு தலையைச் சொறிஞ்சாங்க. அப்புறம் எல்லாருமா ராசாகிட்டப் போனாங்க.

ராசா கேட்டாரு, "ஆடு யாருது?"

"என்னுது ராசா"ன்னான் கொண்டல்சாமி.

"யாரு காவல்ல இருந்துச்சு?"

"அவ காவல்ல."

"எடுக்கறப்போ அவகிட்டச் சொன்னியா?"

"சொல்லல ராசா."

"ஒருத்தர் காவல்ல விட்ட பொருளை, விட்டவனே ஆனாலும் கேட்டுத்தான் எடுக்கணும்"னாரு ராசா. "நீ ஒளிச்சு எடுத்த, பழியை அவ சுமந்தா, பச்சப்புள்ள பாலில்லாம கெடந்துச்சு. உன் ஆட்டையே திருடுன திருடன் நீ. கருப்பியைத் திருப்பிக் கொடு."

"சரி ராசா, நொண்டியை நான் ஓட்டிட்டுப் போறேன்"னான்.

"அதெப்படி? நொண்டிக்கு ஈடாத்தானே கருப்பியை வாங்குன? ஈடு வாங்குன அன்னைக்கே நொண்டி அவளுதாயிருச்சு. இன்னொன்னும் கேளு. ஒரு வருசம் ஊராடு பூரா நீதான் மேய்க்கணும். ஒன்னு தொலைஞ்சாலும் உன் கொட்டடியிலருந்து கொடுக்கணும்."

அவ்வளவுதான். பட்டு வேட்டியைத் தார்பாச்சிக் கட்டிட்டு கொண்டல்சாமி ஆட்டுக்குப் பின்னால ஓடுனான் பாருங்க! ஒன்னு இந்தப் பக்கம் ஓடும், ஒன்னு அந்தப் பக்கம் ஓடும், ஒன்னு யாரு வீட்டு வெள்ளாமைக்குள்ளயாவது பூந்துரும். பொழுது சாஞ்சா ஊர்ப் பொம்பளைங்க வாசல்ல நின்னு "எங்க ஆடு எங்கய்யா?"ம்பாங்க. அவன் கொட்டடியிலருந்து ஒன்னொன்னா அவுத்துக் கொடுத்துக் கொடுத்து, வருசம் முடியறப்போ அவனுக்கு வெறும் கயிறுதான் மிஞ்சுச்சு.

கேட்டுக்கங்க, அடுத்தவங்க பொருளு கையில இருந்தா நம்ம பொருளாட்டம் பாக்கணும், கொடுத்து வச்சவங்களும் சொல்லிட்டுத்தான் எடுக்கணும். அங்க சடைச்சி மக வயிறாரக் குடிச்சு அசந்துருச்சு, இங்க நீங்களும் போத்திப் படுங்க.